முக்கு திரும்பும்போது மணி அடி

அன்புள்ள மகள் இசைவாணிக்கு அம்மா அம்சம் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், கறவை மாடு சுகம், பக்கத்து வீட்டுக் கமருன்னிஸா அத்தையின் மூட்டுவலியும் அவளை விட்டுப் பிரியாமல் சுகமாக இருக்கிறது. அங்கே அந்தப் பனியில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அறிய ஆவல். போன் இருக்கும்போது எதற்கும்மா கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு வார்த்தை பேசிவிடுகிறாய், இதில் அந்தத் தொந்தரவு இல்லை. அஞ்சாம் வகுப்பு தாண்டாதவள் எழுத்து, வரப்பு மாதிரி வளைந்துதான் போகும், நீயும் கூடவே வளைந்து படித்துக்கொள். கமருன்னிஸா அத்தைதான் இதைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பப் போகிறாள். படித்துவிட்டுத்தான் அனுப்புவாள், அதனால் அவளைப் பற்றி நல்லதாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உன்னோடு சைக்கிள் ஓட்டுகிற ஜெர்மன்காரப் பிள்ளைகளைப் போனில் காட்டி, இதுதான் எங்க அம்மா, பெரிய தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் போன முதல் பொம்பளை என்று சொன்னாயே, அவர்களும் எழுந்து நின்று கை தட்டினார்களே, அந்தக் கைதட்டல் எனக்குச் சேரவேண்டியதே இல்லை. உன் தாத்தா காலத்தில் நம் ஆட்கள் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும், நான் கல்யாணமாகி வந்த புதிதிலும் அந்தப் பழக்கம் முழுசாக ஒழியவில்லை. அதிலே நான் ஓட்டிக்கொண்டு போனது உண்மை. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் ஏ புள்ள எறங்கு என்று அதட்டினார், எறங்கத் தெரியாதுங்க என்று சொல்லிக்கொண்டே நான் போய்விட்டேன், அதுவும் உண்மை. அதை ஊரே பெரிய எதிர்ப்பேச்சாக எடுத்துக்கொண்டது. மறுநாளே நம் தெரு இளவட்டமெல்லாம் மணி அடித்துக்கொண்டு அந்தத் தெருவில் ஊர்வலம் போனார்கள், அதோடு அந்த வழக்கம் போயிற்று. ஆனால் அடியே வாணி, எனக்கு நிஜமாகவே இறங்கத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அந்தப் பெரியவரிடம் நான் பொய் சொல்லவே இல்லை, அவர்தான் நம்பவில்லை. கிடைத்த பெருமையைத் திருப்பிக் கொடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். அவர்தானே வாத்தியார். ஆற்றுக் கரையில் அந்தப் பெரிய பார் வைத்த சைக்கிளைக் கொண்டுவந்து, சேலையை முழங்காலுக்கு மேலே செருகச் சொல்லி, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடி வருவார். ஏறப் பழகினேன், ஓட்டப் பழகினேன், இறங்குகிற பாடம் நாளைக்கு என்றார், அந்த நாளையில் மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அப்புறம் நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, மறுவருஷம் நீ. பாடம் அப்படியே நின்றுபோயிற்று. நமது படித்துறை மண்டபத்தில் ஆற்றைப் பார்த்த மூலையில் ஒரு தூண் தோள் உயரத்தில் வழவழவென்று இருக்கும், ஞாபகம் இருக்கிறதா. எந்த ராஜா கட்டினானோ தெரியாது, அந்த இடம் தேய்ந்தது என் தோள் பட்டுத்தான். இறங்கவேண்டுமென்றால் அங்கே போய்ச் சாய்ந்துதான் நிற்பேன். அந்தக் கல்லில் என்னவோ எழுதியிருக்கிறதே, அது என்ன எழுத்து என்று கேட்டால், இங்கே அம்சம் சைக்கிள் நிறுத்தக்கூடாதுன்னு அப்பவே எழுதி வச்சிட்டான் என்பார் உன் அப்பா. உன்னைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது வாசல் தூங்குமூஞ்சி மரத்தில் போய்ச் சாய்வேன், நீ அம்மா நிழலில் நிறுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு குதித்து ஓடுவாய். வீட்டுக்கு வரும்போது மரமும் இல்லை தூணும் இல்லை, அதனால் தெருமுக்கு திரும்பும்போது மணி அடிப்பேன். அவர் என்ன வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து கேரியரைப் பிடிப்பார். எத்தனையோ நாள் கையில் ரசஞ்சோறோடு வந்து பிடித்திருக்கிறார், என் சேலையெல்லாம் ரசம் மணக்கும். கத்துக்கொடுத்து இருந்தா ஒரு வாய் நிம்மதியா சாப்பிட்டிருக்கலாம் என்று முணுமுணுப்பார். ஆனால் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

சரி, உன் சங்கதிக்கு வருகிறேன். நீ ஓட்டுகிற சைக்கிளுக்குக் கிராவல் பைக் என்று பேர் சொன்னாய். இங்கே கிராவல் என்றால் வீடு கட்டும்போது லாரியில் கொண்டுவந்து கடைக்காலில் கொட்டுகிற சிவப்பு மண். கரை ரோட்டுக்குத் தார் போடுங்கள் என்று நம் சனம் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டு கிடக்கிறது, நீ என்னடாவென்றால் தார் இல்லாத ரோடாகப் பார்த்து ஏரோப்ளேன் ஏறி வருகிறாய். வா, நன்றாக வா. நீ அனுப்பிய வழிப்படத்தைக் கமருன்னிஸா அத்தை விரலால் பெரிசு பண்ணிக் காட்டினாள். கல்லணை, கோவிலடி, திருவையாறு, திருப்பழனம், அப்படியே வடகரையோடு பூம்புகார் வரைக்கும் ஒரு கோயில் விடாமல் புள்ளி வைத்திருக்கிறாய். ஆயிரம் வருஷத்துக் கல்லையெல்லாம் பார்க்கப் போகிறாய், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஐம்பது வருஷத்து அம்மா மட்டும் வழியில் இல்லை. கேட்டதற்கு, நீ திருவையாத்துப் பாலத்துக்கு வந்துடும்மா, அங்கயே பாத்துக்கலாம் என்றாய். பார்சல் ஆபீசில் மூட்டை எடுக்க வருகிறவள் மாதிரி நான் பாலத்தில் நிற்கவேண்டுமாம்.

எனக்குக் கோபம் இல்லை கண்ணு. அப்பா காரியத்துக்கு வந்தபோது ஒரு காலை வாசற்படியில் வைத்துக்கொண்டு நீ உள்ளே வராமல் நின்றாயே, அதை நான் பார்த்தேன். அதற்கப்புறம் லீவுக்கு வருகிறேன் என்று சொன்ன போதெல்லாம் ஏதோ ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் நான் குடியிருப்பதே இந்த வீடாகப் போய்விட்டதால் உள்ளே போகாமல் இருக்க வழியில்லை. அப்பாவின் சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் சாத்தியே கிடந்தது, தொட்டதில்லை. உன் படத்தைப் பார்த்த மறுநாள் டயரும் ட்யூபும் மாற்றி எடுத்துவிட்டேன். நான் பாலத்துக்கு வருவேன், ஆனால் பஸ்ஸில் வரமாட்டேன், சைக்கிளில்தான் வருவேன். அங்கேயிருந்து உன்னையும் அந்தப் பிள்ளைகளையும் தென்கரையோடு நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவேன், ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு உங்கள் பூம்புகாருக்குப் போங்கள். பூம்புகார் எங்கேயும் ஓடிவிடாது. அதற்காகத்தான் இறங்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கமருன்னிஸா அத்தை பின்னால் ஓடி வருகிறாள், ஏறுறப்ப மகராணி மாதிரி ஏறுற அம்சம், எறங்குறப்பதான் நெல்லு மூட்டையா விழுவுற என்கிறாள். அவள் ஓடுவதைப் பார்த்தால் மூட்டுவலியே பொய்யோ என்று எனக்குச் சந்தேகம். நாளைக் காலையில் பாலம் வரைக்கும் ஒரு நடை தனியாக ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.

தை மாதம் அறுப்பு நடக்கும், ரோட்டில் வைக்கோல் கிடக்கும், மெதுவாக வா. திருவையாற்றில் ஆராதனைக் கூட்டமாக இருந்தால் பாலத்தில் உருட்டிக்கொண்டே வா, உனக்குத்தான் இறங்கத் தெரியுமே. அந்தத் தோலோடு ஒட்டின கால்சட்டைக்கு மேலே ஊருக்குள் வரும்போது ஒரு துண்டைச் சுற்றிக்கொள், உன் மாமன்மார்களுக்கு வயதாகிவிட்டது, மயக்கம் போட்டால் யார் தூக்குவது. அந்தப் பிள்ளைகளிடம் தூண் சங்கதியைச் சொல்லாதே, ராஜா காலத்துத் தேய்மானம் என்றே இருக்கட்டும். ஒன்றே ஒன்று. தெருமுக்கு திரும்பும்போது மணி அடி. நீ தானாக இறங்கிவிடுவாய் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அடி. நான் எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வந்து பிடிப்பேன்.

காவிரித் தாய் உன் கூடவே வரட்டும், சக்கரத்தில் முள் ஏறாமல் நம் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு
உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
வீ. அம்சம்

பின்குறிப்பு: படம் எடுப்பதற்கு முன்னால் பாலத்துக்குப் போய் வந்துவிட்டேன். போகும்போது நம் மண்டபத்துத் தூணில் சாய்ந்து நின்றேன், பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றேன். திரும்பி வரும்போது முக்கில் மணி அடித்துவிட்டேன், நினைத்து அடிக்கவில்லை. கமருன்னிஸா அத்தை இடியாப்பத்துக்குப் பிசைந்த மாவுச் சட்டியோடு ஓடி வந்தாள். ஒரு கையால் கேரியரைப் பிடித்தாள். பிடித்ததை விடவில்லை. சைக்கிளும் நிற்கவில்லை. எருக்குழி வரைக்கும் சேர்ந்தே போனோம். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாவு போய்விட்டது. காலையில் இரண்டு வீட்டிலும் பழையசோறு.