மூண்டாவது மட்ச்சும் என்ர கலியாணமும்

ஐப்பசி 12, ஞாயிறு. மார்க்கம், கனடா.

இண்டைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்த ஆக்கள்: மகன் ரவி, மருமகள் சுபா, பேத்தி அபி, அஜக்ஸில இருந்து வந்த பரம் அண்ணை, இவர், நான்.

இவர் அந்த நாளையில இலங்கைக் கிரிக்கெட் ரீமுக்குப் பந்து போட்டது ரெண்டே ரெண்டு மட்ச். மூண்டாவது மட்ச் அண்டைக்கு எங்கட கலியாணம். அதாலதான் போகேல்லை, பிறகு ஒருத்தரும் கூப்பிடவுமில்லை எண்டுதான் ஊர் முழுக்கக் கதை. "உவள் வந்தாள், என்ர பிள்ளையின்ர விளையாட்டுப் போச்சு" எண்டு மாமி சாகுமட்டும் சொன்னா. எந்தெந்தச் செத்தவீட்டில, ஆருக்கு முன்னால சொன்னா எண்டதும் எனக்கு ஞாபகம்.

"அப்பப்பா, ஏன் ஸ்ரொப் பண்ணினீங்கள்?" எண்டு அபி கேட்டாள். இவரோட விளையாடின பரம் அண்ணைதான் மறுமொழி சொன்னார்.

"கலியாணத்துக்கு நாள் வைக்க முந்தியே உவரை ரீமில இருந்து நிப்பாட்டிப்போட்டாங்கள், பிள்ளை. நான்தான் வந்து சொன்னனான்."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தன். இவர் குனிஞ்சு அப்பளம் நொறுக்கினார்.

"மெய்யேப்பா?" எண்டு இவரைக் கேட்டன்.

"ஓம்."

"அப்ப ஏன் மாமிக்குச் சொல்லேல்லை?"

"அம்மா தாங்கமாட்டா. நீ தாங்குவாய்."

அபி எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, "அப்பம்மா நொட் கில்ற்றி! அப்பம்மாவில பிழையில்லை!" எண்டு கத்தினாள். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். பாயாசம் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சன்.

மாமியை இண்டையோட மன்னிச்சிட்டன். அவவுக்கும் தெரியாதுதானே. புருசன்ர பேரை நான் ஒருநாளும் வாயால சொன்னதில்லை. எழுதினாப் பிழையில்லை. நான் மன்னிக்காத ஆள், சின்னத்தம்பி கதிரமலை.