கதவில் ஒட்டிய காகிதம்

திண்டுக்கல்
14.7.2024

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தம்பி மனைவி மஹ்ஜபீன் எழுதுகிறேன். பத்து நாளாக எத்தனை தடவை போன் அடித்தாலும் நீங்கள் எடுப்பதில்லை. பழனிக்கே வந்து பேசலாம் என்றால் அவரை ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு நகர முடியவில்லை. அதனால் கடிதம். கல்யாணமான புதிதில் உங்களுக்கு எழுதியதுதான், அதற்கப்புறம் இன்றைக்குத்தான் பேனா எடுக்கிறேன். எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நல்லி எலும்பு சூப் வைத்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் அவ்வளவு தூரம் வந்தீர்கள். வாசலோடு திருப்பி அனுப்பியது நான்தான். "இப்பப் பாக்க முடியாது மதினி, அஞ்சு மணிக்கு வாங்க" என்று நான் சொன்னபோது உங்கள் முகம் போன போக்கு எனக்கு மறக்கவில்லை. தப்பு என்மேல்தான்.

இன்னொரு தப்பும் இருக்கிறது. வயிற்றில் கட்டி, மருந்திலேயே கரைந்துவிடும் என்று உங்களிடம் சொல்லியிருந்தோம். அது கணையத்தில் வந்த கேன்சர், மதினி. ஏப்ரலில் கண்டுபிடிக்கும்போதே ஈரலுக்குப் பரவியிருந்தது. ஆபரேஷனுக்கு வழியில்லை என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து ஏற்றுவதெல்லாம் நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான். எவ்வளவு நாள் என்று நான் நேராகவே கேட்டேன். "அடுத்த ரம்ஜானப் பாப்பாருன்னு என்னால சொல்ல முடியலம்மா" என்றார்.

அவருக்கும் எல்லாம் தெரியும். உங்கள் ரத்த அழுத்தத்தை நினைத்து, அக்காவிடம் மட்டும் சொல்லாதே என்றார். இனியும் மறைத்தால் அல்லாஹ்வுக்குப் பொறுக்காது. என்மேல் உள்ள கோபம் என்மேலேயே இருக்கட்டும். உங்கள் தம்பியைப் பார்க்க வாருங்கள்.

இப்படிக்கு,
மஹ்ஜபீன்


பழனி
18.7.2024

மஹ்ஜபீனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் வந்த அன்று முழுக்க அழுதேன். அழுது முடித்ததும் கோபம்தான் வந்தது.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது நமக்குக் கடமை. நீயோ கதவில் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறாய். காலை பதினொன்று முதல் பன்னிரண்டு, மாலை ஐந்து முதல் ஆறு, சாப்பிட எதுவும் கொண்டுவர வேண்டாம். அது வீடா, ரேஷன் கடையா? அதை ஊருக்கு வைத்துக்கொள். எனக்குமா? அம்மா மௌத்தானபோது இஷாக்குக்கு நாலு வயது, எனக்குப் பதினைந்து. அவனைக் குளிப்பாட்டித் தலை துவட்டி ஸ்கூலுக்கு அனுப்பியவள் நான். பக்கத்து வீட்டுக்காரர்களோடு என்னையும் வரிசையில் நிறுத்திவிட்டாய்.

அந்த சூப்பை ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கொட்டினேன். அவன் என்னைக் கூப்பிடட்டும், அடுத்த பஸ்ஸில் வருகிறேன். நீ கூப்பிட்டு வரமாட்டேன்.

அவனுக்கு எங்கே வலிக்கிறது, ராத்திரி தூங்குகிறானா என்று ஒரு வரி எழுது.

அஜீஸுன்னிசா


திண்டுக்கல்
23.7.2024

அன்புள்ள மதினிக்கு,

ஸலாம். ரேஷன் கடை என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கக்கா வாய்க்கு யாரு பதில் சொல்றது" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பல நாளாகிவிட்டது.

வலி மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரைக்கும் போகிறது. அதற்கு மாத்திரை இருக்கிறது, நேரம் தவறாமல் கொடுத்தால் தூங்குகிறார். வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் மலர்விழி எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் வந்தார்கள். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. உங்கள் தம்பிக்குத்தான் இல்லை என்று சொல்ல வராதே. கேக்கில் ஒரு வாய், வட்டலப்பத்தில் ஒரு வாய் என்று எல்லோருக்காகவும் தின்றார். கணையம் வேலை செய்யாததால் அவர் எதைச் சாப்பிட்டாலும் முதல் வாயோடு ஒரு கேப்ஸ்யூலை விழுங்க வேண்டும். அப்போதுதான் செரிக்கும். எனக்கு அது தெரியாது. மாத்திரை என்றால் வெறும் வயிற்றில்தானே என்று மூன்று வாரம் அரைமணி நேரம் முன்னாலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன். தின்றதெல்லாம் அப்படியே போனது, ஆறு கிலோ இறங்கிவிட்டார். மலர்விழிதான் பார்த்துச் சொன்னாள். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

இப்போது என்னைக் கேட்காமல் அவர் வாயில் ஒரு பருக்கை போகாது. இந்த வாரம் முந்நூறு கிராம் ஏறியிருக்கிறார், மதினி. பள்ளிவாசல் மைக்கில் சொல்லச் சொல்லலாமா என்று தோன்றியது. காலையில் நான் பூட்டுக்கடையில் உட்காருகிறேன், அந்நேரம் மகன் யாசின் வீட்டில் அத்தாவோடு இருக்கிறான். படுத்த இடத்திலிருந்தே கடைக்குப் போன் போட்டு, "அந்த ஏழு லீவர் பூட்ட வெளிய எடுத்து வச்சியா" என்று என்னை அதட்டுகிறார். அவர் அதட்டுகிற நாளெல்லாம் எனக்குப் பெருநாள்தான்.

காகிதத்தை எடுக்க மாட்டேன். யார் வருத்தப்பட்டாலும் சரி. வேண்டுமானால் அதன் கீழே, "அஜீஸுன்னிசாவுக்கு எந்த நேரமும்" என்று எழுதிவிடுகிறேன். வாருங்கள்.

உங்கள்
மஹ்ஜபீன்


பழனி
1.8.2024

மஹ்ஜபீனுக்கு,

நேற்று இஷாக் போன் செய்தான். ஒரு வரியைத்தான் நீ வாசித்தாயாம். நீ கடைக்குப் போன பிறகு, யாசினிடம் அலமாரியிலிருந்து என் கடிதத்தை எடுத்துத் தரச் சொல்லி முழுவதையும் படித்திருக்கிறான்.

"அக்கா, அவளத் திட்டாத. அன்னைக்கு நீ வந்தப்ப எனக்குத் துணியெல்லாம் கெட்டுப் போச்சு. அவதான் என்னையக் கழுவிக்கிட்டு இருந்தா. ஒன் சத்தம் கேட்டதும், எங்கக்கா என்னைய இந்தக் கோலத்துல பாக்க வேணாம்னு நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன்" என்றான்.

"ஏலே, நான் ஒனக்குக் கழுவாததா?" என்று கேட்டேன்.

"அது சின்னப் பிள்ளையிலக்கா" என்றான்.

ஈரக் கையோடு வந்து கதவைத் திறந்தாய். அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. என் தம்பியின் மானத்தை மறைக்க "தப்பு என்மேல்தான்" என்று எழுதினாய். நான் ரேஷன் கடை என்று ஏசிய பிறகும் வாயைத் திறக்கவில்லை. உன்னைப் பெண் பார்த்துவிட்டு வந்து, இந்தப் பிள்ளைக்கு நெஞ்சுரம் போதாது என்று சொன்னவள் நான். இதை இருபத்தைந்து வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாரேன். இருந்து உதவப் போகிறேன், விருந்தாட வரவில்லை. காகிதத்தில் எனக்கென்று எதுவும் எழுதாதே. ஐந்து மணிக்குத்தான் கதவைத் தட்டுவேன்.

அஜீஸுன்னிசா


பழனி
22.11.2024

மஹ்ஜபீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பிக்கு நாற்பதாம் நாள் ஓதி முடித்து ஊர் வந்து சேர்ந்தேன். வாசல் தாண்டாமல் இருக்க வேண்டிய இத்தாவில் உன்னைத் தனியாக விட்டு வந்தது மனதை அறுக்கிறது. யாசின் கடையைப் பார்த்துக்கொள்வான். நீ வேளைக்குச் சாப்பிடு.

பீர் முகமது சின்னத்தா நேற்று ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் இங்கேயும் எட்டிப் பார்த்தார். இன்னும் அதையேதான் பேசுகிறார். "ஆம்பளைக அம்புட்டுப் பேரு நிக்கும்போது பொண்டாட்டி போயி புருஷன் மய்யித்தக் குளிப்பாட்டுனா, இது எந்த ஊரு வழக்கம்?"

நான் சொன்னேன்: "மார்க்கத்துல தடையில்லைன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு சின்னத்தா. ஒரு காலத்துல ஆட்டுக்கல்லத் தனியாத் தூக்குனவன் எந்தம்பி. எலும்பும் தோலுமா ஆனத யாரும் பாக்கக் கூடாதுன்னு நெனச்சான். அவ ஒருத்தி பாக்கலாம்னு அவனே அவகிட்டச் சொல்லிட்டுப் போனான். அந்த வார்த்தைய நிறைவேத்த, அம்புட்டு ஆம்பளைகளுக்கும் முன்னால வந்து நின்னு, தடை இருக்கான்னு கேட்டாளே, அந்தத் தைரியம் நம்ம வம்சத்துல யாருக்கு இருக்கு?" அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்லமாட்டேன். அன்றைக்கு யாரும் உள்ளே வந்துவிடக் கூடாதென்று கதவுக்கு வெளியே நான்தான் நின்றேன். உள்ளே உனக்கு உதவியாக யாசின் வாளியைத் தூக்குவது கேட்டது. "செத்த நேரம் இருப்பா" என்று அவனை நிறுத்தினாய். பிறகு என் தம்பியிடம், "சூடு போதுமாங்க?" என்று கேட்டாய்.

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாய். அதற்கப்புறம்தான் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

உன் அக்கா,
அஜீஸுன்னிசா