பூஜ்யம் என்றால் வரவில்லை

மார்ச் 3, திங்கள்

துறைத் தலைவரின் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலைத் தயாரிக்கும் திருப்பணி என் தலையில் விழுந்தது. எச்.ஐ.வி. தடுப்பில் வாழ்நாள் சாதனை விருதாம். முந்நூறு கட்டுரை என்று போட வேண்டுமாம். எண்ணினேன், 291 தான். "ஒன்பதுதானேம்மா, எங்கயாவது இருக்கும், தேடிப் பாருங்க" என்கிறார், மேயப் போன ஆட்டைச் சொல்வது போல. இன்று முதல் அவர் பெயர் முந்நூறார்.

மார்ச் 5

ஒரே ஆய்வை மூன்றாக நறுக்கியிருக்கிறார்: ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, இருவருக்கும் சேர்த்து ஒன்று. குழம்பில் தண்ணீர் ஊற்றுவதற்கும் ஒரு அளவு உண்டு.

எண் 88, காதில் சீழ் வடிவதைப் பற்றி. காதுச் சீழுக்கும் எச்.ஐ.வி. தடுப்புக்கும் என்ன சம்பந்தம்? விசாரித்தேன். எழுதியவர் இவருக்குச் சம்பந்தி. அதுதான் சம்பந்தம்.

மார்ச் 9, ஞாயிறு

"அதுல உன் பேரு முதல்ல இருக்கறது எத்தனை?" என்று கேட்டார் கணவர், துணி மடித்துக்கொண்டே.

ஒன்று. எண் 174.

"அந்த ஒண்ணுக்கா இந்தக் குதி குதிக்கிற?"

ஆமாம், குதிப்பேன். அவருடைய மிச்சம் 290-ம் என் ஒன்றுக்கு உறை போடக் காணாது. தடுப்பு மாத்திரையை மாதாமாதம் வந்து வாங்கினாலும், மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கிப் போனாலும் பாதுகாப்பு ஒன்றே என்று காட்டியவள் நான். எத்தனையோ மருத்துவமனைகள் அதைப் படித்துத்தான் மாதாந்திர அழைப்பை நிறுத்தின. மருத்துவர்கள் மருந்து எழுதலாம், கணக்குப் போட்டது புள்ளியியல்காரி நான்.

மார்ச் 11

பட்டியலில் 174-க்கு இரண்டு வரி கூடுதலாக எழுதிப் பெருமை அடித்துக்கொள்ளலாமே என்று பதினோரு வருடப் பழைய கோப்பைத் திறந்தேன். ஆய்வகம் சோதித்த ரத்தம் 612 பேருடையது. என் அட்டவணையில் முடிவு 649 பேருக்கு.

ரத்தமே கொடுக்காத முப்பத்தேழு பேருக்கு முடிவு எங்கிருந்து வந்தது?

மார்ச் 12

கண்டுபிடித்துவிட்டேன். களப் பணியாளர்களின் தாளில் 0 என்றால் ஆள் வரவில்லை. ஆய்வகத் தாளில் 0 என்றால் தொற்று இல்லை. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் சேர்த்த மேதை யார்? ஓரத்தில் கையெழுத்து இருக்கிறது. என்னுடையது.

வராதவர்களை எல்லாம் நோயில்லாதவர்கள் ஆக்கியிருக்கிறேன். அந்த முப்பத்தேழில் முப்பத்தொரு பேர் மூன்று மாத மாத்திரைக்காரர்கள். இரண்டு முறைக்கும் பாதுகாப்பு ஒன்றே என்று தெரிந்தது இவர்களால்தான். கட்டுரையே போச்சு. ஐயோ, நானா? நானேதானா?

மார்ச் 13

ஆலோசனைப் பிரிவு அக்காவிடம் போனேன். வராதவர்களுக்கு அப்போது போன் போட்டவர் அவர்தான்.

"அதுல நாலு பேரு அப்புறம் தொற்றோட சிகிச்சைப் பிரிவுக்கு வந்தாங்க. ஒருத்தர் லாரி ஓட்டறவர். அப்பவே உங்ககிட்ட சொன்னேனே."

"என்கிட்டயா?"

"ம். 'கதையெல்லாம் வேண்டாம்க்கா, எண்ணக் குடுங்க'ன்னீங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் அளவுக்குப் படிக்காதவர் என்று அவரை எவ்வளவு இளப்பமாக நினைத்தேன், சனியன் பிடித்தவள்.

மார்ச் 14

முந்நூறாரிடம் சொன்னேன். நாற்காலியை விட்டு அசையவில்லை.

"பதினோரு வருஷமா யாரும் பாக்காதத நீங்க ஏன் பாக்கறீங்க? விருது முடியட்டும்."

"மருத்துவமனைங்க இன்னும் அதைத்தான் சார் பாத்து நடக்குது."

"பேரு கெடப் போறது உங்களுக்குத்தாம்மா. முதல் பேரு உங்களது."

இத்தனை வருடத்தில் எனக்கு முதலிடத்தை அவர் மனதார விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் தடவை. பெரிய மனசு!

மார்ச் 16

காதுச் சீழ்க் கட்டுரையால் ஒரு காதும் கெடவில்லை. என் 174-ஐ அப்படிச் சொல்ல முடியாது.

மார்ச் 18

பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். பிழை என்னுடையது, கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று. மருத்துவமனைகளுக்கும் நகல் அனுப்பினேன்.

"வேலைக்கு வேட்டா?" என்றார் கணவர்.

"இருக்கலாம்."

"சரி, சாப்பிட வா."

ஜூன் 2, திங்கள்

கட்டுரை நீக்கப்பட்டது. முந்நூறாருக்கு விருது வந்துவிட்டது, முந்நூறு என்றே அச்சாகியிருக்கிறது. 174 இருந்த இடத்தில் மூக்கடைப்பு பற்றி ஏதோ ஒன்று. சம்பந்திக்கு ஓயாத உழைப்பு.

மாலையில் அக்காவோடு உட்கார்ந்து பழைய பதிவேட்டைப் பார்த்துப் போன் போடுகிறேன். முப்பத்தேழில் இதுவரை ஒன்பது பேர் கிடைத்திருக்கிறார்கள். கதையையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

இன்று ஆண்டுப் படிவம் கொடுத்தேன். 'முதல் பெயராக வெளியான கட்டுரைகள்' என்ற கட்டத்தில் 0 போட்டிருந்தேன். எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மேடம், இந்த பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம்? ஒண்ணுமே இல்லையா, இல்ல விவரம் இன்னும் வரலையா?"

பதினோரு வருடத்துக்கு முன் இந்த மனிதரை ஏன் யாரும் எங்கள் துறையில் போடவில்லை?

படிவத்தை வாங்கி, 0-வை அடித்துவிட்டு, 'இல்லை' என்று எழுத்தால் எழுதிக் கொடுத்தேன்.