கால்வாய்க் கரையில் இன்னொருவர்

ஜனவரி 4, சனி

வெயில் உண்டு, சூடு இல்லை. கால்வாயின் ஓரங்களில் அப்பளம் மாதிரி பனித்தகடு. நடுவில் திறந்த நீர். காற்று இல்லை. பெர்ச் மீனுக்கு ஏற்ற நாள் என்கிறார்கள். பெர்ச் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை.

பழைய மதகுச் சுவருக்குக் கீழே, பாலத்தை ஒட்டி, கொஞ்சம் ஆழம். குளிர்காலத்தில் மீன்கள் கூட்டமாக ஒண்டிக்கொள்வது அங்கேதான். என் இடம். இன்று அங்கே வேறொருவர். கம்பளித் தொப்பி, கறுப்பு ஜாக்கெட், சின்னத் தூண்டில் கம்பு. நம் ஊர் நிறம்.

"மார்னிங்," என்றார்.

"கோல்ட்," என்றேன்.

"யெப்."

தள்ளிப் போய் நின்றேன். குஜராத்தியாக இருக்கலாம். தெலுங்காக இருக்கலாம். தமிழாக மட்டும் இருக்கக் கூடாது.

காரணம்: முன்பொரு முறை பக்கத்து ஊரான எடிசனில் இந்திய மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம், "நீங்க தமிழா?" என்று கேட்டேன். அவர் தமிழ்ச் சங்கச் செயலாளர். அந்த ஒரு கேள்விக்கு இரண்டு பொங்கல், ஒரு சித்திரை விழா, ஒரு பட்டிமன்றம். எல்லாவற்றிலும் ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு பார்க்கிங்கில் நின்றேன். பட்டிமன்றத்தில் எந்த அணி ஜெயித்தது என்று இன்றுவரை தெரியாது. யார் கார் எங்கே நின்றது என்று தெரியும்.

எந்த ஊர், எந்த கம்பெனி, கிரீன் கார்டு வந்துவிட்டதா, வீடு சொந்தமா. இந்த நான்கையும் யாரும் கேட்காத ஒரே நேரம் சனிக்கிழமைக் காலை. அதையும் இழந்தால் எனக்கு வேறு கால்வாய் கிடையாது.

மீன்: இல்லை.

ஜனவரி 8, புதன்

மழை, பிறகு பனி, பிறகு இரண்டும். வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுப் பொய்யிரைப் பெட்டியை ஒழுங்கு செய்தேன். ஈயத் தலை, ரப்பர் வால். வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்பு. பச்சை நிறையத் தேங்கிவிட்டது. சுதா எட்டிப் பார்த்தாள்.

"புழு கூடப் போடாம ரப்பரைக் காட்டி ஏமாத்தறீங்களே, பாவம் இல்லையாங்க அந்த மீனு?"

"இதுவரைக்கும் அது ஏமாறலியே."

"மீனுக்கு இருக்கற புத்தி..." என்று ஆரம்பித்து முடிக்காமலே போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படிப் பாதி வாக்கியங்கள் வீடெங்கும் கிடக்கின்றன.

வாட்ஸப்பில் செயலாளர். பொங்கல் விழாவுக்கு "நல்ல உள்ளங்கள்" தேவையாம். நீல டிக் விழாமல் படித்தேன்.

ஜனவரி 11, சனி

கடுங்குளிர். கம்பின் வளையங்களில் ஐஸ். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் வாயால் ஊதவேண்டியிருந்தது. தொப்பிக்காரர் (இனி தொ.) எனக்கு முன்பே வந்திருந்தும் என் இடத்தை விட்டுத் தள்ளி நின்றார். மரியாதை தெரிந்தவர். அதுவே கவலையாக இருந்தது.

டப்பாவைத் திறந்தார். காற்று என் பக்கம். புளிசாதம். நல்லெண்ணெய், பெருங்காயம், வறுத்த கடலை. குஜராத் அடிபட்டது. ஆந்திராவுக்கு இன்னும் வாய்ப்பு இருந்தது.

பிறகு போன். பாலத்துக்கு அடியில் போய் நின்று ரகசியமாகப் பேசினார். பாலத்துக்கு அடியில் பேசினால் கால்வாய் முழுக்கக் கேட்கும்.

"சொல்லும்மா... கார் சர்வீஸ்லதான் இருக்கேன்... இன்னும் பிரேக்கையே கழட்டலம்மா, என்னை என்ன பண்ணச் சொல்ற?"

ஆந்திராவும் போயிற்று.

திரும்பி வந்து, "வைஃப்," என்றார். "ஷி வரீஸ்."

"தே டூ," என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

மீன்: ஒன்று. விரல் நீளம். போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டேன். டெக்சஸில் படிக்கும் மகளுக்கு அனுப்பினேன். பதில்: "அப்பா, தட்ஸ் நாட் எ ஃபிஷ். தட்ஸ் எ கார்னிஷ்." சாப்பாட்டின்மேல் தூவும் கொத்தமல்லி ரகமாம்.

ஜனவரி 12, ஞாயிறு

துணி துவைத்தல். பால், கொத்தமல்லி, கார் டயருக்குக் காற்று. தொ. பற்றிச் சுதாவிடம் சொன்னேன்.

"ஒரு வார்த்தை தமிழ்ல பேசினா என்னங்க, கொறஞ்சா போயிடுவீங்க?"

"ஒரு வார்த்தைலதான் பார்க்கிங்குக்குப் போனேன்."

யோசித்துப் பார்த்து, "அதுவும் சரிதான்," என்றாள். அபூர்வம்.

இருந்தாலும் அந்தப் புளிசாதம் நல்ல பக்குவம். அதை ஆங்கிலத்தில் பாராட்ட வழி தெரியவில்லை.

ஜனவரி 18, சனி

மேகமூட்டம். குளிர் கொஞ்சம் இறங்கிவந்தது. வெள்ளை வால். சுவரோரமாகப் போட்டு, அடியில் ஒரு தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி தட்டு, நிறுத்தம். ஒரு நிறுத்தத்தில் தூண்டில் நரம்பு கனத்தது. இழுத்தேன். அதுவும் இழுத்தது.

மீன் மதகின் அடிக்கல் பக்கம் ஓடியது. பதற்றத்தில் கம்பை உயர்த்தினேன்.

"சார் தூக்காதீங்க! தூக்காதீங்க! நரம்பு கல்லுல ஒரசுது! லூஸ் விடுங்க!"

விட்டேன். அதற்குள் தொ. சுவர்மேல் குப்புறப் படுத்து, கையுறையோடு கையைத் தண்ணீரில் விட்டிருந்தார்.

"புடிச்சாச்சு! யப்பா, என்னா சைசு!"

"அய்யோ விட்டுராதீங்க!" என்று நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. அவர் சொன்னார்.

பெர்ச். முழங்கைவரை வரும். பொன்மஞ்சள் உடம்பு, கரும்பச்சைப் பட்டைகள், ஆரஞ்சுத் துடுப்பு. விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டி வந்ததுபோல் சுவர்மேல் கிடந்தது.

அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. எழுந்து நின்றோம். நான்கு கேள்விகளும் நடுவில் நின்றன. யாரும் எடுக்கவில்லை.

"நான் தமிழ்னு எப்பத் தெரியும்?" என்றேன்.

"மொத நாளே சார். உங்க பை."

பார்த்தேன். பொய்யிரைப் பெட்டியைப் போட்டுக் கொண்டுவரும் பை. மச்சினன் கல்யாணத்துத் தாம்பூலப் பை. மஞ்சள் துணியில் கொட்டை எழுத்தில் மணமக்கள் பெயர், மண்டபத்தின் பெயர், கும்பகோணம். மேலே பிள்ளையார். இதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் தலைமறைவாக இருந்திருக்கிறேன்.

"கும்பகோணத்துல எந்தத் தெருன்னு கேக்க நாக்கு துடிச்சுது சார். வாயைக் கட்டிக்கிட்டு நின்னேன்."

"ஏன் கேக்கல?"

"போன வருஷம் ஒருத்தர்கிட்ட கேட்டேன். இன்னிவரைக்கும் சாம்பார் கமிட்டி."

கை குலுக்கினோம். ஈரம், மீன் வாசனை. பெயர் சொல்லிக்கொள்ளவில்லை.

"பாதி மீன் எடுத்துக்கங்க."

"வேணாம் சார். கார் சர்வீஸ்ல மீன் குடுத்தாங்களான்னு கேப்பா."

"ஜாக்கெட்டெல்லாம் சேறா இருக்கே, அதுக்கு என்ன சொல்லுவீங்க?"

குனிந்து பார்த்துக்கொண்டார். "பிரேக்கை நானே கழட்டினேன்னு சொல்லிடவா?"

ஜனவரி 19, ஞாயிறு

சங்கத்தில் பொங்கல் விழா. போகவில்லை. காரணம்: மீன்.

மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை, கொஞ்சம் அரிசி மாவு. சுதா வறுத்தாள். இனிப்பான சதை.

"முள்ளு கம்மிதான்," என்றாள். இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே, "ரப்பருக்கு ஏமாந்த மீன் மாதிரியே இல்லைங்க."

மகளுக்குப் போட்டோ. பதில்: "ஓகே, தட்ஸ் எ ஃபிஷ்." நெடுநேரம் நல்ல மனநிலை. பச்சை வால்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று யோசித்து, போடவில்லை.

ஜனவரி 25, சனி

வெயில். பனித்தகடு பாதி உருகிவிட்டது. தொ. முன்பே வந்திருந்தார். புது ஜாக்கெட்.

"நம்பினாங்களா?" என்றேன்.

"இனிமே காரை நானே சர்வீஸ் பண்ணணுமாம்."

எனக்கென்று தனியாக ஒரு டப்பா புளிசாதம் கொண்டுவந்திருந்தார். நல்ல பக்குவம் என்று தமிழிலேயே சொன்னேன். நன்றாக இருந்தது, சாதமும், சொன்னதும். பிறகு ஒரு மணி நேரம் இருவரும் பேசவில்லை. அதுவும் நன்றாக இருந்தது.

இரண்டு மீன், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. விட்டுவிட்டோம்.

பாலத்திலிருந்து யாரோ இறங்கி வரும் சத்தம். குல்லாய், மஃப்ளர், கையில் புத்தம்புதுத் தூண்டில் கம்பு. நம் ஊர் நிறம். பை எங்களுக்கு நடுவில் சுவர்மேல், பிள்ளையார் வானத்தைப் பார்த்தபடி.

தொ. தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் நகர்ந்து வந்து, பையின்மேல் உட்கார்ந்தார்.

"மார்னிங்," என்றார் வந்தவர்.

"கோல்ட்," என்றோம் இருவரும்.