ஒன்பதாம் நாள் எடுத்த குழாய்

என் செல்வியைப் பெற்றவருக்கு,

உயிரோடிருந்தபோதே உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போதும் எழுதப்போவதில்லை. நீங்கள் போன ஒன்பதாம் நாள் நான் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளியே போனேன். கருமாதி முடியும் முன்னே வாசல் தாண்டிவிட்டாளே என்று நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெரு வரைக்கும் பேசினார்கள். பேசட்டும். வேறு யாரும் உங்களிடம் கோள் மூட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையின் ஒப்பரேசன் நினைவிருக்கிறதா? இடது கிட்னியிலிருந்து சிறுநீர் இறங்கும் வழி ஒடுங்கியிருந்தது. வயிற்றைக் கிழிக்காமல், மூன்று சின்ன ஓட்டை போட்டு, கமராவில் பார்த்தே வெட்டித் தைப்போம் என்றார் டொக்டர். தையல் ஆறும்வரை உள்ளே ஸ்டென்ட் என்று ஒரு மெல்லிய குழாய் இருக்குமாம். எனக்கு அழுகை வந்தது, உங்களுக்குக் கேள்வி வந்தது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கிறவர், சும்மா விடுவீர்களா?

“அவ்ளோ சின்ன ஓட்டையில குழாய எப்படிங்க எறக்குவீங்க?”

“முதல் ஒரு மெல்லிய கம்பியை விடுவம். அதுக்கு மேலால குழாயைக் கோத்து இறக்கிப்போட்டுக் கம்பியை எடுப்பம். ரெண்டு நுனியும் சுருண்டிடும், நழுவாது,” என்றார் அந்த யாழ்ப்பாணத்து டொக்டர்.

“கீழ மூத்திரப்பைக்குப் போய்ச் சேந்துச்சான்னு எப்படிங்க தெரியும்?”

“பைக்குள்ள நீல மருந்து விட்டு வைப்பம். குழாய் சரியாப் போயிருந்தா நீலம் மேல் நுனியால வரும்.”

நீங்கள் தொடையில் தட்டினீர்கள். “நானும் அதாங்க செய்றேன்! துணிக்குப் போடுற நீலத்த டாங்கில கரைச்சுவிட்டுத்தான் எந்தக் குழாய் அடைச்சிருக்குன்னு பாப்பேன்.” டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்றைக்கு நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார். “ஆறு கிழமையில, ஒண்டரை மாசத்துக்குள்ள, இதை எடுக்க வேணும். பிள்ளைக்குச் சுகம்தானே எண்டு விட்டுட்டால் குழாயில கல் கட்டும். கிட்னியே போகலாம்.”

குறித்த நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல், மயக்க மருந்து கொடுக்க முடியாதென்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி குறித்துத் தந்த தேதி வருவதற்குள் நீங்கள் குழாய் பார்க்க மழையோடு ஊற்றுக்குப் போய், சரிந்த மண்ணுக்கடியில் அகப்பட்டீர்கள். அந்தத் தேதிதான் உங்கள் ஒன்பதாம் நாள்.

உங்கள் அக்கா கதவருகே நின்றார். “புள்ள ஓடியாடிக்கிட்டுத்தானே இருக்கு. கருமாதி முடியட்டும். தீட்டோட கெளம்புனா ஊரே சிரிக்கும்.”

பிள்ளை ஓடியாடியது உண்மைதான். சிறுநீர் சிவந்து போனதைப் பார்த்தவள் நான் மட்டுமே.

“சிரிக்கட்டும் அண்ணி. கல்லு கட்டிக்கிச்சுன்னா யாரு அழுவா?” என்று கேட்டுவிட்டுக் தேதி எழுதிய கிளினிக் கொப்பியையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு கினிகத்தேனைக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். உங்கள் மேல் கோபமும் இருந்தது. அந்த மழையில் போகத்தான் வேண்டுமா?

“அப்பா வரேல்லையோ? இண்டைக்குக் கேள்வி ஒண்டும் இல்லையோ?” என்றார் டொக்டர். “அப்பா செத்துட்டாங்க” என்றாள் செல்வி. அவர் கொப்பியை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை உள்ளே அழைத்துப்போனார்.

குழாயை எடுத்து முடித்து அவர் வெளியே வந்ததும் நான் விடவில்லை. “முழுசா வந்துருச்சாங்களா? ரெண்டு நுனியும் வந்துச்சா?” அவர் உள்ளே போய்க் குழாயைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு சுருளும் இருந்தன. ஒன்றில் மணல் மாதிரிப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. “நல்ல காலம் இண்டைக்கு வந்தீங்கள்” என்றார்.

திரும்பி வந்ததும் உங்கள் அக்கா மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினார். நின்றுகொடுத்தேன். பிள்ளை மேல் ஊற்ற விடவில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தீட்டா? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இப்போது சேதி. ஒரு வருட ஸ்கேனுக்குத் தேதி தந்திருக்கிறார்கள். பார்த்தால், உங்கள் முதல் தெவசமும் அதே நாள். அக்காவிடம் சொன்னேன்: “படையல மறுநாள் வச்சுக்குவோம் அண்ணி. உங்க தம்பி ஒருநாள் பொறுப்பாரு, புள்ள கிட்னி பொறுக்காது.” அவர் என்னை முறைத்தார். பிறகு, “பஸ்சு எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

எந்தத் தேதியையும் தவறவிடமாட்டேன். உங்களுடைய தேதியாக இருந்தாலும் சரி, பிள்ளையுடையதுதான் முதலில். பசியோடு ஒருநாள் இருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்களோடு சண்டை பிடிக்கும்
உங்கள் பெண்டாட்டி, செல்வியின் அம்மா