கயல் தானே சாப்பிடணும்

மே 12, திங்கள்
சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மகள் கயல்விழிக்கு இன்று கைப்பயிற்சி. பிறக்கும்போது தோள் சிக்கி, இழுத்ததில் கழுத்து நரம்பு கெட்டு, வலது கை வாய்வரை எழாத பிள்ளை. நாலு வயது ஆகப்போகிறது. பயிற்சி தரும் இளமதி, "சோறு யாரு ஊட்றதுக்கா?" என்றாள். தேவனாம்பட்டினத்தில் எங்கள் தெருவே ஊட்டும் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஸ்கூல்ல யாரு ஊட்டுவாக்கா? இடது கையால சாப்புடட்டும். வலது கை தட்டப் புடிச்சிக்கட்டும். ரெண்டுக்கும் வேல குடுங்க."

ஜூனில் பள்ளி. தானே சாப்பிடப் பழக்கித்தான் அனுப்ப வேண்டுமாம்.

மே 13
வீட்டுக்காரரிடம் சொன்னேன். வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இடக்கையாலயா? பந்தியில நாலு பேரு பாக்க எம்பொண்ணு இடக்கையால தின்னணுமா?"

கோபம் வந்தது. ஆனால் இங்கே பொய் எதற்கு? எனக்கும் மனசு ஒப்பவில்லை. கழுவுகிற கை. பெற்ற எனக்கே இப்படி என்றால்!

மே 16
மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், மனுஷன் வீட்டில். நாளெல்லாம் மகளுக்குச் சோற்று உருண்டை பிடிப்பதே வேலை.

மே 22
தட்டை வைத்துவிட்டு நகர்ந்தேன். கயல் தொடவே இல்லை. வாயை மட்டும் திறந்துகொண்டு காத்திருந்தாள். பிறகு அழுதாள். பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் அக்கா, "பச்சப்புள்ளயப் பட்டினி போட்டு அப்புடி என்னா படிப்பு?" என்று தூக்கிப்போய் மீன்குழம்புச் சோறு ஊட்டினார். வீட்டுக்காரரும் கூடவே போனார்.

கத்திட்டேன். இப்புடியே எத்தினி வயசு வரைக்கும்? நாம செத்தா யாரு ஊட்டுவா? எல்லாருக்கும் அவமேல பாசம்தான் — அந்தப் பாசம்தான அவ நல்ல கையையும் கட்டிப்போட்டிருக்கு?

மே 29
முறுக்கை இடது கையால் எடுத்துத் தின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றுக்குத்தான் இத்தனை சட்டம்.

ஜூன் 1, ஞாயிறு
முதுநகரில் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் கயல் எங்கள் நடுவில். இவர் சாம்பார் சோற்றை உருட்டி நீட்டினார். அவள் வாய் திறக்கவில்லை. பக்கத்து இலைப் பிள்ளைகளையே பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் இலையின் ஓரம் எழும்ப, வலது கையை மெல்ல நகர்த்தி அதன்மேல் வைத்தாள். இடது கையால் ஒரு வாய் அள்ளினாள். பாதி பாவாடையில். மறுபடி அள்ளினாள்.

எதிரே ஒரு பெரியம்மா, "பாப்பா, அந்தக் கையால தின்னக் கூடாதும்மா" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் கோபப்படுவார் என்று தெரியும், யார்மேல் என்று தெரியாது.

"எம்பொண்ணு சாப்புடுது பெரிம்மா. நீங்களும் சாப்புடுங்க" என்றார். கையிலிருந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. காரம் என்று தண்ணீர் கேட்டார்.

ஜூன் 16, திங்கள்
தடை முடிந்து இவர் கடலுக்குப் போய்விட்டார். கயல் பள்ளியில். மதியம் டீச்சர் போன் செய்தார்: சிந்தினாளாம், ஆனால் டப்பா காலியாம்.

நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். முதல் வாய் நாக்கைச் சுட்டது. இத்தனை நாள் கயலுக்கு ஊட்டிவிட்டு ஆறிப்போனதையே தின்றதில், சோறு இவ்வளவு சூடாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.