லியோனில் நான் இழுத்த நாடா

மெக்கெலன்,
மார்ச் 3, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் லீஸ்பெத்துக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஹேமிஷும் உன் வயிற்றில் இருக்கிற சின்னதும் நன்றாக இருக்க வேண்டும், இந்தப் பதினொரு நாளாக எனக்கு இதைத் தவிர வேறு நினைப்பில்லை. நாங்களும் இங்கே நலம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதினால் பொய்யாகிவிடும். இதைக் கையால் எழுதி, பக்கங்களைப் படம் பிடித்து உன் கைபேசிக்கே அனுப்பப்போகிறேன். தபாலில் போட்டால் நியூசிலாந்து வந்து சேர இரண்டு வாரம் ஆகும், அவ்வளவு நாள் காத்திருக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மா என் தோளை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறாள். தனியாகக் கூப்பிட இரண்டு முறை முயன்றேன், உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அம்மாவுக்கு உடைகள் மேல் வந்த பைத்தியம் உனக்குத் தெரிந்ததுதான். எந்த ஊரில் எந்தக் கண்காட்சி என்று காலண்டரில் வட்டம் போட்டு வைப்பாள், ரயிலேறிவிடுவோம். ஆன்ட்வெர்ப்பில் தொடங்கியது, பிறகு பாரிஸ், ஹேக் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு சட்டைக் கையை அரைமணி நேரம் பார்ப்பாள், கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து உள்தையல் தெரிகிறதா என்று தேடுவாள், நோட்டில் வரைவாள். எனக்கு முதலில் கால்வலிதான் மிச்சம். போகப்போக நானும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பாரிஸில் அந்தக் காலத்துப் பிரபு ஒருவர் கோட்டுக்குள் போட்ட கையில்லாச் சட்டை இருந்தது, முன்பக்கமெல்லாம் பட்டில் பூவேலை, முதுகுப்பக்கம் வெறும் மலிவுத் துணி, மேலே கோட்டு மறைத்துவிடும் என்று. "ஆம்பளைங்க அப்பவே ஏமாத்துக்காரங்கதான்" என்று அம்மா சொன்னாள், பக்கத்தில் நின்ற அறிமுகமில்லாத பெண்மணியும் சேர்ந்து சிரித்தார். அப்படித்தான் லியோனுக்கும் போனோம். அங்கிருந்து அனுப்பிய படங்களில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாளே, அது நடப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்தது.

அந்தக் கண்காட்சியின் கடைசி அறையில் பழைய உடைகளைப் போலவே தைத்து, வருகிறவர்கள் போட்டுப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். இடுப்பை இறுக்கும் கச்சு, அதற்குக் கீழே கூண்டு மாதிரி எஃகு வளையங்கள் வைத்த பாவாடை. அம்மா சின்னப் பெண்போல வரிசையில் நின்றாள். அங்கே வேலை செய்யும் பெண் கச்சைக் கட்டிவிட்டு நாடாவைத் தளர்வாகவே விட்டாள், பிறகு வேறு யாரோ கூப்பிட அந்தப் பக்கம் போனாள். அம்மா கண்ணாடியைப் பார்த்து, இதில் என்ன தெரிகிறது, சரியாக இறுக்கிப் பார்க்க வேண்டும் என்றாள். "இழு ஃப்ரான்ஸ், முப்பத்தொரு வருஷம் ரயில் பட்டறையில இருந்த கையாச்சே, இவ்வளவுதானா பலம்?" நான் இழுத்தேன். லீஸ்பெத், இழுத்தவன் நான்தான். இன்னும் கொஞ்சம் என்றாள், இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியில் அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன், விளக்கு வெளிச்சம் என்று நினைத்தேன். அப்படியே மடங்கி விழுந்தாள். அந்த வளையங்கள் அவளைத் தரையில் நேராகப் படுக்கக்கூட விடவில்லை, பாவாடை குடைபோல மேலே நிமிர்ந்து நின்றது, யாரோ அது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்ததுகூடக் கேட்டது. நான் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் நட்டு போல்ட்டு திருகிய விரல்கள், ஒரு முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அந்தப் பெண் கத்தரியோடு ஓடிவந்து நாடாவை வெட்டிய பிறகுதான் அம்மா மூச்சு இழுத்தாள். எழுந்ததும் முதலில் கேட்டது, கச்சு பாழாகிவிட்டதா என்று.

வெறும் மயக்கம், வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா அடம்பிடித்தாள். ஆம்புலன்சில் வந்தவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், இன்னொரு முறை கேட்டார், பிறகு நேரே மருத்துவமனைக்கு வண்டியை எடுக்கச் சொன்னார். மருத்துவமனையில் மூன்று மணி நேரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா வந்து வேகமாகப் பிரெஞ்சில் பேசினார், என்னுடைய பள்ளிக்கூடப் பிரெஞ்சுக்கு இதயம் என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது, அதற்குமேல் அவர் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சமீரா என்று ஒரு நர்ஸ், நல்ல பெண், என் பக்கத்தில் உட்கார்ந்து தாளில் படம் போட்டு நிதானமாக விளக்கினாள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், பழைய தோட்டக்குழாய் ஓரிடத்தில் புடைத்துக்கொள்ளுமே, அதுபோலப் புடைத்திருக்கிறதாம். எப்போது வேண்டுமானாலும் கிழியுமாம், கிழியத் தொடங்கினால் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகு வலிக்குமாம், முழுதாகக் கிழிந்தால் அவ்வளவுதானாம். நான் இறுக்கியதால்தானா என்று கேட்டேன். இல்லை, அது பல வருஷமாக இருப்பது, இன்றைக்கு மயங்கியதால்தான் தெரிந்தது என்றாள். அப்போது டாக்டரம்மா திரும்பி வந்து, குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். லூடோ மாமாவைச் சொன்னேன், அம்மாவின் தம்பி, நாற்பத்தொரு வயதில் கால்வாய்க் கரையில் சைக்கிளிலிருந்து விழுந்து செத்ததை. மாரடைப்பு என்றுதானே நாம் எல்லோரும் நினைத்தோம். பிள்ளைகள் உண்டா என்றார். ஒரே மகள், முப்பத்திரண்டு வயது, ஐந்து மாதக் கர்ப்பம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவங்களுக்கு இன்னைக்கே சொல்லுங்க, பிரசவம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்" என்று நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

அன்றைக்கே நான் சொல்லவில்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை பிறக்கட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கினாள், நானும் கொடுத்தேன். போன ஞாயிறு நீ பேசும்போது, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகு வலிக்கிறது, வயிறு கனக்கிறது அல்லவா என்று சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். மேசைக்கு அடியில் அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

இதுவரை எழுதுவதற்குள் அம்மா ரொட்டிக்கடையிலிருந்து வந்துவிட்டாள், பை தூக்கக் கூடாது என்று சொல்லியும் கேட்பதில்லை. நான் தாளை மறைக்கவில்லை. நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "அவளைப் போய் டாக்டரைப் பார்க்கச் சொன்னா, அவளுக்கும் இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா? அதைத்தான் ஃப்ரான்ஸ் என்னால கேக்க முடியாது. நான் குடுத்ததா ஆயிடும்ல." இவ்வளவு நாள் உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் இவள் மறைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். செத்துப்போன லூடோவுக்கு இனிப் பயமில்லை, பயம் உயிரோடிருக்கிற நமக்குத்தான் மிச்சம், அதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்றேன். அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். லூடோ மாமாவின் மருத்துவமனை அறிக்கை. இருபத்து மூன்று வருஷம் இந்த வீட்டில் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது. அதில் மாரடைப்பு என்று இல்லை, குழாய் கிழிந்தது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அவள் அன்றைக்கே படித்திருக்கிறாள். "இதையும் சேத்து அனுப்பு" என்றாள்.

ஆகவே மகளே, இதோடு நாலு படங்கள் வருகின்றன. அம்மாவின் ஸ்கேன், லியோன் டாக்டரம்மாவின் கடிதம், மாமாவின் அறிக்கை இரண்டு பக்கம். நாளைக்கு என்று தள்ளாதே, ஹேமிஷை எழுப்பி இன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போ, முதுகுவலியை முதலில் சொல், பிறகு இவற்றைக் காட்டு. வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லாமல் பார்க்க வழி இருக்கிறதாம். உனக்கும் அது இருக்கப் பாதி வாய்ப்பு, இல்லாமலிருக்கப் பாதி வாய்ப்பு என்றார்கள், இருந்தாலும் முன்பே தெரிந்தால் மருந்து உண்டு, பிரசவத்தையும் அதற்கேற்ப நடத்துவார்களாம். கனமானது எதையும் தூக்காதே. அம்மாவுக்கு இங்கே லூவனில் வரும் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. அவள் உள்ளே போவதற்கு முன் உன் பதில் வர வேண்டும், எந்தப் பதிலானாலும் கேட்டுக்கொள்கிறேன் என்று அவள் இப்போது சொல்லிவிட்டாள். எனக்கு அதுவே பெரிய காரியம்.

நீ பிறந்த அன்று உன்னைக் கையில் வாங்கியபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை. நீயும் உன் பிள்ளையும் நீண்ட நாள் நல்லபடி வாழ வேண்டும். மறக்காதே, என் எண்ணுக்குக் கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுப்பேன். அம்மாவும் பக்கத்திலேயே இருக்கிறாள், கோட்டை இன்னும் கழற்றவில்லை.

உன் அப்பா,
ஃப்ரான்ஸ்